சங்ககிரிக்கு மழையில் போங்கள்

சங்ககிரிக் கோட்டைக்குப் போகிறேன் என்று எங்கள் பக்கம் யாரிடம் சொன்னாலும் இரண்டு புத்திமதி சொல்வார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் மேலே போய்விடு என்பது ஒன்று. மழை வருகிற மாதிரி இருந்தால் போகவே போகாதே என்பது இன்னொன்று. முதலாவதில் எனக்குப் பேச்சே இல்லை. இரண்டாவதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த மலையை மழையில் பார்த்தால்தான் அது எதற்காக, எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியும் என எனக்குள் ஓர் எண்ணம் ரொம்ப நாளாக இருந்துவந்தது. அதை யாரிடமும் வாதாடி நிறுவ முடியவில்லை. போன ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழையில் ஏறிப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் முளைத்தது பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில். பங்குனி வெயில். வரிசையாக ஏற்றிவிட்டார்கள். விஜயநகரத்தார் காலத்தில் கட்டியது, திப்பு சுல்தான் வைத்திருந்தார், அப்புறம் கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பிடித்தார்கள், தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதான் என்று டீச்சர் நின்று நின்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி மலையிலேயே எல்லாருடைய பாட்டிலும் காலி. மேலே போனால் ஒரு சுனையில் பாசி படிந்து கொஞ்சம் தண்ணீர், அதைத் தொடக்கூட மனசு வரவில்லை. மதில், வாசல், கொத்தளம் எதுவும் அன்றைக்கு என் தலையில் ஏறவில்லை. இத்தனை சிப்பாய்களும் குதிரைகளும் இந்தக் காய்ந்த பாறை மேல் என்னத்தைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. கொங்கு நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி முதலில் வருவதில் ஆச்சரியமில்லை. தோட்டம் விலைக்கு வந்தால் மண்ணைக் கேட்பதற்கு முன்னால் தண்ணியைக் கேட்கிற ஊர் இது. பெண் கொடுக்கப் போகிற இடத்திலும் நலம் விசாரித்த கையோடு "கெணத்துல தண்ணி எப்படீங்க?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுவதால், நமக்கு வருவது பெரும்பாலும் வெறும் காற்று. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பதை வைத்துத்தான் வருஷத்தை ஓட்ட வேண்டும்.

என்னோடு வந்தவர் பெரியப்பா மகன், அண்ணன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டு ரிக் என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம் என்று வருஷத்தில் பாதிக்கு மேல் வெளியூரிலேயே ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்காவுக்குப் போன வண்டிகளும் உண்டு. மழைக்காலத்தில் காடுகளுக்குள் வண்டி இறங்காது, அதனால் ஆயுத பூஜையை ஒட்டி ஊருக்கு வந்துவிடுவார்கள். "ஏனுங்கண்ணா, மழையா இருந்தாலும் நாளைக்குச் சங்ககிரி போலாமுங்களா?" என்று கேட்டேன். "மழையா இருந்தாத்தான் எனக்கு வேலையே இல்லியே அம்மிணி. வா, போலாம்" என்றார்.

வாசலில் ஆடுகள்

ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையம் பாலத்தில் காவிரியைக் கடந்து போனோம். ஆறு செம்மண் நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. சங்ககிரிக்குள் நுழையும்போதே லாரிகள்தான் கண்ணில் படும். பட்டறை, பாடி கட்டும் கூடம், டயர் கடை, எடைமேடை. சுண்ணாம்புக்கல் கிடைத்ததால் சிமென்ட் ஆலை வந்தது, லாரித் தொழிலும் வளர்ந்தது. ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்னமும் சங்கரி துர்க் என்றுதான் இருக்கிறது. இத்தனை இரைச்சலுக்குப் பின்னால் மலை அன்றைக்குப் பாதிதான் தெரிந்தது. மேல் பாதியை மேகம் மூடியிருந்தது.

கீழ் வாசலை அடைவதற்குள் தூறல் அடைமழையாகிவிட்டது. வாசல் மண்டபத்தில் ஒதுங்கினோம். எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஆடுகள் ஒதுங்கியிருந்தன. வெள்ளாடும் குட்டிகளுமாகச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றை ஓட்டிவந்த ஆத்தா உரச்சாக்கைக் கொங்காடையாகத் தலையில் போட்டபடி ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். ஈரோடு என்றேன். "ஆடி பதினெட்டுக்குத்தான் சாமி வண்டி வண்டியா வருவாங்க. மழையில யாரு வர்றாங்க? பாத்துப் போங்க, பாறை மேல கால் வெக்காதீங்க, வழுக்கி உட்ரும். படியோரமாவே போங்க" என்றார். இந்த மழையில் ஆட்டை ஏன் ஓட்டிவந்தீர்கள் என்று கேட்டதற்கு, "மேல சுனையெல்லாம் இப்பத்தானுங்க நெறையும். நெறஞ்சுதுன்னா தை வரைக்கும் ஆட்டுக்குத் தண்ணிக் கவலை இல்லீங்க" என்றார். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வைத்திருந்த கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

மழை சற்றே குறைந்ததும் ஏற ஆரம்பித்தோம். மலையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் ஏற வழி. மற்றப் பக்கங்கள் செங்குத்து. அந்த ஒரு வழியையும் மதிலுக்கு மேல் மதில், வாசலுக்கு மேல் வாசல் என்று அடுக்கடுக்காக அடைத்துவைத்திருக்கிறார்கள். பல காலத்தில் பலபேர் கட்டியது என்பது கல்லைப் பார்த்தாலே தெரியும். ஓரிடத்தில் பெரிய கற்களைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து அடுக்கியிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் சின்னக் கற்களும் சுண்ணாம்புக் காரையும். வெயில் நாளில் இவை எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். மழையில் நனைந்ததும் வேறு வேறாகிவிடுகின்றன. காரை போட்ட பகுதி இருண்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வெறும் கல் அடுக்கிய பகுதியில் இடுக்கு இடுக்காக மெல்லிய கம்பி கனத்தில் தண்ணீர் வெளியே வருகிறது. மதிலுக்குப் பின்னால் தேங்கும் மழை வெளியேற வழி இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரின் பாரமே மதிலைத் தள்ளிவிடும். காரை இல்லாமல் கல்லை அடுக்கியவர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். காரை பூசிய சுவர்களில் ஓரிரு இடங்களில் வயிறு தள்ளி நின்றது, மரம் வேறு வேர்விட்டிருந்தது. பழைய அடுக்கு அசையாமல் நின்றது.

படிக்கட்டே ஓடையாகியிருந்தது. ஆனால் தண்ணீர் படி முழுக்கப் பரவி ஓடவில்லை. வாசலுக்கு வாசல் பாதை திரும்பும் இடங்களில் ஒரு பக்கமாக ஒதுங்கி, மதிலோரமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பாதையை அப்படித் திருப்பியது யானையோ படையோ ஓடிவந்து கதவை மோத முடியாமல் இருப்பதற்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான். அதே திருப்பம் தண்ணீரின் வேகத்தையும் குறைக்கிறது என்பதை மழையில் நின்றால்தான் பார்க்க முடியும்.

ரிக்காரர் பார்த்த பாறை

மேலே போகப் போக அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் மதிலைப் பார்க்கவில்லை. கீழே காலடியில் பாறையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். குனிந்து ஒரு வெடிப்பில் விரலை வைத்தார், சில்லு ஒன்றை எடுத்து உரசிப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பூமிக்குள்ளிருந்து வரும் பொடியைக் கையில் அள்ளிப் பார்த்தே இத்தனை அடியில் என்ன கல், தண்ணீர் வருமா வராதா என்று சொல்லிப் பழகியவர். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் ஓடுவது ஒரே இனத்துக் கிரானைட். வெளிறிய, இடையிடையே இளஞ்சிவப்பு ஓடிய கல்.

சுனைக்குப் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார். எனக்கு அந்த நாளின் முக்கியமான நேரம் அதுதான். மழை மறுபடி பலமாகப் பிடித்திருந்தது. சுனைக்கு மேற்புறம் ஒரு பெரிய பாறைச் சரிவு, புல்கூட முளைக்காத வெறும் கல். அதன் மேல் விழுந்த அத்தனை மழையும் ஒரு துளிகூட உள்ளே இறங்காமல் சரிவு முழுக்க ஒரே மெல்லிய விரிப்பாக வழிந்தது. பாதி தூரம் வந்ததும் பாறையின் நெளிவுகளுக்குள் புகுந்து நாலைந்து ஓடைகளாகப் பிரிந்து, கீழே சேரும்போது மறுபடி ஒன்றாகிச் சுனைக்குள் விழுந்தது. விழுகிற இடத்தில் முதலில் கலங்கலாக, இலையும் சருகும் ஆட்டுப் புழுக்கையுமாக வந்தது. நாங்கள் நிற்க நிற்கவே தெளிய ஆரம்பித்தது. பாறை கழுவப்பட்டுவிட்டது, இனி வருவது சுத்தமான மழை. தாழ்ந்த பக்கத்தில் கல் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நீர்மட்டம் அந்தக் கட்டில் ஒவ்வொரு கல்லாக ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"இது ஊத்துத் தண்ணிங்களாண்ணா?" என்று கேட்டேன். அப்படித்தான் பலபேர் சொல்வார்கள், மலை உச்சியில் வற்றாத ஊற்று என்று.

"உச்சியில ஊத்து எங்கிருந்து வரும் அம்மிணி? இது பூரா ஒரே கல்லு. அங்கங்க வெடிப்பு இருந்தாலும் தண்ணி கீழ இறங்கிப் போயிருமே தவிர மேல வந்து நிக்காது. இந்த இடத்துல நான் வண்டிய நிறுத்தி ஆயிரம் அடி போட்டாலும் பொடிதான் வரும். இங்க இருந்தவன் குடிச்சது முழுசும் இந்த மழைதான்."

பிறகு மனக்கணக்காகவே ஒன்று சொன்னார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரு நல்ல மழை 50 மில்லிமீட்டர் பெய்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கர் வெறும் பாறையிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரியில் கணக்குப் போட்டால் 16 லோடுக்கு மேல், அதுவும் ஒரே மழையில். மண்ணாக இருந்தால் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். பாறையில் அந்தச் சேதாரம் ரொம்பக் குறைவு. கோட்டைக்கு மலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மழையை ஒன்றுசேர்த்துக் கொடுக்கிற மொட்டைப் பாறையும், அதை நிறுத்திவைக்கிற பள்ளங்களும் இருக்கிற மலையாகப் பார்த்திருக்கிறார்கள். உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் மலையில் தர்காவும் இருக்கின்றன. பூஜைக்கும், தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுகிற ஒளுவுக்கும், சமையலுக்கும் குதிரைக்கும் எல்லாவற்றுக்கும் இதே தண்ணீர்தான்.

இதை யோசித்தால் வரலாறும் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சேலத்தையும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலையும் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் 1799 வரை அவரிடமே இருந்தது. ஆக அந்த ஏழு வருஷம் காவிரிக்கு இந்தக் கரை கும்பினி, அந்தக் கரை மைசூர், நடுவில் ஆற்றைப் பார்த்தபடி சங்ககிரி. வரி வசூலை அலெக்சாண்டர் ரீடு கவனித்தார். அவருக்குக் கீழே தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோ பிற்பாடு விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறையால் பேர்பெற்றார். கோட்டை வரிப்பணத்தைப் பூட்டிவைக்கிற இடம், தானியத்தைச் சேர்த்துவைக்கிற இடம் என்று படித்திருக்கிறோம். பணத்தையும் தானியத்தையும் கீழேயிருந்து மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். கீழ் வாசலில் எதிரி உட்கார்ந்துவிட்டால் தண்ணீரை யார் கொண்டுவருவது? மலைக்கோட்டையின் முற்றுகை எத்தனை மாதம் தாங்கும் என்பதைப் பீரங்கியைவிட இந்தச் சுனைகள்தான் தீர்மானித்திருக்கும். கொத்தளத்தைப் படம் எடுத்துக்கொண்டு சுனையைத் தாண்டிப் போகிறவர்கள் கோட்டையின் பாதியைப் பார்க்காமலேயே இறங்குகிறார்கள் என்றுதான் சொல்வேன்.

ஆடி பதினெட்டு

சின்னமலையின் கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டது என்று போய்ச் சொல் என்று, சங்ககிரிக்குப் போன வரிப்பணத்தை மடக்கிய கதையைக் கேட்காமல் எங்கள் பக்கம் யாரும் வளர்வதில்லை. 1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர் என்று கும்பினிப் படையை எதிர்த்து நின்றதும், கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டதும், 1805 ஜூலை 31 அன்று தம்பிமாரோடு இங்கே தூக்கிலிடப்பட்டதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தமிழ்க் கணக்கில் அது ஆடி 18. நாம் இப்போது ஆடி பதினெட்டை ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் கும்பிடுகிறோமே, ஜூலை 31 எப்படி என்று சிலர் குழம்புவார்கள். நம் மாதக் கணக்கு சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்வதை வைத்தது, ஆங்கிலக் கணக்கு பருவத்தை வைத்தது. இரண்டுக்கும் இடையில் அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே போகும். இருநூறு வருஷத்தில் மூன்று நாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

சுனை ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அண்ணன்தான் அதை எடுத்தார். "ஆடி பதினெட்டுன்னா நமக்குத் தண்ணி நோம்பி. அன்னிக்கா அந்த மனுசனத் தூக்குல போட்டாங்க?" அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் தேதியாக மட்டும் தெரிந்த ஒன்று அன்றைக்குத்தான் நாளாகத் தெரிந்தது. 1805-இல் மேட்டூர் அணை கிடையாது, அது வந்தது 1934-இல். குடகில் பெய்த மழை எந்தத் தடையும் இல்லாமல் ஆடியில் காவிரியாக இறங்கிவரும். பவானிக் கூடுதுறையில் கருகமணியும் காதோலையும் மஞ்சளும் வைத்துப் பெண்கள் ஆற்றைக் கும்பிடுகிற நாள். ஊரில் மரத்துக்கு மரம் தூரி கட்டி, பிள்ளைகளும் பெரியவர்களும் ஆடுகிற நாள். கொங்கு நாடு முழுக்கத் தாம்புக்கயிறு மரத்தில் ஏறும் அந்த நாளில்தான் இந்த மலையிலும் ஒரு கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். கும்பினி அதிகாரிகளுக்கு அது ஜூலை மாதத்தின் கடைசி நாள், அவ்வளவுதான். கீழே இருந்த சனங்களுக்கு அப்படி இருந்திருக்க முடியாது.

இன்னொன்றும் அங்கே நின்றபோது தோன்றியது. ஆடியில் ஆறு நிறையும், மலை நிறையாது. தென்மேற்குக் காற்று குடகை நனைத்துவிட்டு இங்கே அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்றாகத்தான் வரும். உச்சியில் இருக்கிற சுனைகளில் அப்போது ஏதாவது மிஞ்சியிருந்தால், அது முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்ததாக இருக்கலாம். அவரை மலை மேலே காவல் வைத்திருந்தார்கள் என்று ஊரில் சொல்வது உண்மையானால், அவர் கடைசியாகக் குடித்த தண்ணீர் எட்டொன்பது மாதம் முன்னால், அவர் இன்னும் பிடிபடாத காலத்தில், இதே சரிவில் வழிந்த மழையாக இருந்திருக்கலாம். நான் சரித்திரம் படித்தவள் இல்லை, ஆனால் அந்தச் சுனைக்கு ஒரு கும்பிடு போடாமல் என்னால் நகர முடியவில்லை.

அதனால்தான் அடுத்து பார்த்தது ரொம்பவும் வலித்தது. கலங்கல் தெளிந்து நீர்மட்டம் ஏற ஏற, மறு மூலையில் பிளாஸ்டிக் பாட்டில்களும் சிப்ஸ் உறைகளும் ஒன்றாக மிதந்து மேலே வந்தன. ஓரிடத்தில் பாறையில் பெயிண்டால் பெயரும் அம்பு விட்ட இதயமும். அண்ணன் ஒரு குச்சியை வைத்துக் கைக்கு எட்டியதை எல்லாம் ஒதுக்கி எடுத்தார். ஆத்தா கொடுத்தனுப்பிய காலிச் சாக்கு ஒன்று கையில் இருந்ததால் அதில் போட்டுக் கட்டினோம். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நினைத்தவுடன் மண்வெட்டியோடு போய்த் தூர் வாரிவிட முடியாது, முடியக் கூடாது. சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதும் சரித்திரம்தான். ஆனால் முறையாக அனுமதி வாங்கி, மேற்பார்வையோடு, புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் சுனைகளையும் அவற்றுக்கு மேலிருக்கும் பாறைச் சரிவையும் குப்பை இல்லாமல் வைப்பது முடியாத காரியம் இல்லை. ஆடி பதினெட்டுக்குக் கீழே நினைவிடத்தில் மாலை போட வருகிற கட்சிகளும் சங்கங்களும் எத்தனை! ஒவ்வொன்றும் ஆளுக்கொரு சுனையை ஏற்றுக்கொண்டால் போதும். மாலை ஒரு நாளில் வாடிவிடும். சுனை நிறைந்தால் ஆட்டுக்கும் குரங்குக்கும் பறவைக்கும் தை வரை தண்ணீர், அந்த ஆத்தா சொன்ன மாதிரி.

மழையில் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். காலையில் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். நம் பக்கம் இடிமழை பெரும்பாலும் சாயங்காலம்தான் கட்டும். இடி முழங்க ஆரம்பித்தால் உச்சியிலும் மதில் மேலும் நிற்கவே கூடாது, இறங்கிவிட வேண்டும். தேய்ந்த செருப்பு வேண்டாம். பாசி பிடித்த பாறையில் கால் வைக்க வேண்டாம். சுனைக்குள் யாரும் இறங்கக் கூடாது, ஆழம் வெளியே தெரியாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் அடைமழை வேண்டாம், மழை வெறித்த மறுநாள் போங்கள். பாறையில் அப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருக்கும். இந்தக் கார்த்திகையில் நானும் மறுபடி போகிறேன். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்கிற கயிற்றையும் குண்டையும் எடுத்துவருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். எந்தச் சுனையில் எத்தனை அடி நிற்கிறது என்று கரையில் நின்றே அளந்து எழுதிவைத்துக்கொள்ளப் போகிறோம். பங்குனியில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை அதே இடங்களில் அளந்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.